ராக் கச்சேரியில் ஆளுக்கொரு சோலோ தேவையா?

கேள்வி: ராக் இசைக்குழுக்கள் மேடையில் டிரம்ஸ், கிட்டார், பாஸ் என்று ஒவ்வொருவருக்கும் தனியாக சோலோ கொடுக்க வேண்டுமா, இல்லை அது நேரத்தை இழுக்கும் வேலையா?

சோலோ இருக்கட்டும், ஆனால் பாட்டுக்குள் இருக்கட்டும். மற்றவர்கள் எல்லோரும் மேடைக்குப் பின்னால் போய்விட, ஒருவர் மட்டும் பத்து நிமிடம் கைவரிசை காட்டுகிறாரே, அதுதான் எனக்கு ஒத்துவருவதில்லை.

அந்தப் பழக்கத்துக்கு இசை மட்டும் காரணமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு மணி நேரம் உச்சத்தில் பாடுகிறவருக்குத் தொண்டை ஆற வேண்டும், கிட்டார்காரருக்கு வியர்வை துடைத்துத் தண்ணீர் குடிக்க வேண்டும். டிரம்ஸ் சோலோ பாதி இடைவேளைதான். ரசிகர்களும் அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டு கழிப்பறைப் பக்கம் போவார்கள்.

கர்நாடகக் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கான்டீனுக்குக் கிளம்புகிறார்கள் என்று நாமும் காலங்காலமாகப் புலம்புகிறோம். ஆனால் அங்கே பாடகர் எழுந்து போவதில்லை. தாளம் போட்டபடி அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். மிருதங்கக்காரர் கோர்வை வைத்து முடிக்கும் இடத்தில் பாட்டை எடுக்க வேண்டியவர் அவர்தானே. பாட்டு இன்னும் முடியவில்லை என்பது கேட்பவருக்கும் தெரியும். ராக் மேடையில் இந்தப் பிடி விட்டுப்போகும்போதுதான் கொட்டாவி வருகிறது.

1969 வுட்ஸ்டாக் விழாவில் சந்தானா குழு வாசித்த 'சோல் சாக்ரிஃபைஸ்' காட்சியைப் பாருங்கள். டிரம்ஸ் வாசித்த மைக்கேல் ஷ்ரீவுக்கு அப்போது 20 வயது. பாட்டின் நடுவில் அவரிடம் விடுகிறார்கள். பையன் எடுத்த எடுப்பில் இடி முழக்கம் செய்யாமல், ஒரு கட்டத்தில் சத்தத்தை நன்றாக இறக்கி, ஸ்னேர் என்ற சின்ன டிரம்மில் மெல்ல உருட்டுகிறார். அத்தனை பெரிய கூட்டம் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியதாகிறது. அங்கிருந்து மறுபடி ஏற்றிக்கொண்டு போய்க் குழுவின் கையில் கொடுக்கும்போது பாட்டு முன்பைவிட வேகமாகப் பாய்கிறது. அந்த சோலோவை வெட்டினால் பாட்டுக்கே இடுப்பு ஒடிந்துவிடும்.

இதற்கு எதிர்முனையில் கிரீம் குழுவின் 'டோட்'. 1968இல் வந்த நேரடிப் பதிவு 16 நிமிடம், பெரும்பகுதி ஜிஞ்சர் பேக்கரின் டிரம்ஸ்தான். மகா கலைஞர், மறுக்கவில்லை. டிரம்ஸ் கற்பவர்களுக்கு அது பாடம். எனக்கு ஏழாவது நிமிடத்துக்கு மேல் ஓடாது. லெட் செப்பலின் 'மோபி டிக்' இரண்டுக்கும் நடுவில் வரும். ஜான் பானம் குச்சிகளை வைத்துவிட்டு வெறுங்கையால் அடிக்கும் இடம் அபாரம். ஆனால் ஸ்டுடியோவில் நாலு நிமிடச் சொச்சமாக இருந்தது, மேடையில் 15, 20 நிமிடமாக வளர்ந்தது.

ரஷ் குழுவின் நீல் பியர்ட் செய்ததைத்தான் நான் இதில் சாட்சிக்குக் கூப்பிடுவேன். நீண்ட டிரம்ஸ் சோலோ என்றாலே ரசிகர்கள் சொல்லும் பெயர் அவருடையது; அதற்காகவே டிக்கெட் வாங்கியவர்கள் உண்டு. அப்படிப்பட்டவரே 2012இல் தொடங்கிய சுற்றுப்பயணத்தில் தன் பெரிய சோலோவை மூன்று சின்னத் துண்டுகளாக உடைத்தார். அதில் இரண்டைப் பாட்டுகளுக்குள்ளேயே கொண்டுபோய் வைத்தார்.

கிட்டாருக்கு இந்தச் சிக்கல் குறைவு. பிங்க் ஃபிளாய்டின் 'கம்ஃபர்டப்ளி நம்' பாட்டில் டேவிட் கில்மோர் கடைசியில் எவ்வளவு நீட்டினாலும் கீழே டிரம்ஸும் பாஸும் ஓடிக்கொண்டே இருக்கும். பாட்டு சொல்லாமல் விட்டதைத்தான் அவர் வாசிக்கிறார். அதே கிட்டார்காரரைத் தனியாக நிறுத்தினால் பெரும்பாலும் வேகப்போட்டிதான் நடக்கும். ஒரு கல்லூரி விழாவில் அப்படி ஒன்றைக் கேட்டேன், குழுவின் பெயர் வேண்டாம். முன்வரிசை கைதட்டிக்கொண்டிருந்தது, மிக்ஸிங் மேசையில் இருந்தவர் ஒரு கையால் பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சரிசெய்ய அவருக்கு ஒன்றுமே இல்லை, ஒவ்வொரு வாத்தியத்தின் ஒலியையும் கூட்டிக் குறைக்கும் ஃபேடர்களில் ஒன்றே ஒன்றுதான் மேலே இருந்தது.

புதிதாக மேடையேறும் குழு என்றால் என் யோசனை: யாருக்கு சோலோ கொடுத்தாலும் இன்னொருவராவது கூட வாசிக்கட்டும், முடிக்கும் இடம் முன்பே பேசி வைத்ததாக இருக்கட்டும். நாலு பேர் இருக்கிறார்கள் என்பதற்காக நாலு சோலோ வேண்டாம். பாஸ்காரர் கோபித்துக்கொண்டால் அவருக்கு இரண்டு பாட்டுக்கு நடுவில் அரை நிமிடம் கொடுத்துச் சமாதானம் செய்துகொள்ளுங்கள்.