அழித்த கோடு

வணக்கம் சார்,

ஒரு கிரியேட்டிவ் ஏஜென்சியில் டிசைனராக இருக்கிறேன். எங்கள் இணையதளத்தைப் புதிதாகச் செய்துகொண்டிருக்கிறோம். வாடிக்கையாளர் பார்த்ததும் அசந்துபோக வேண்டும் என்கிறார் எம்.டி. மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த முடிகிறதா என்று சோதித்தவர்களோ எழுத்துக்கும் பின்னணிக்கும் கான்ட்ராஸ்ட் போதாது, அனிமேஷன் அதிகம், கீபோர்டில் வேலை செய்யவில்லை என்று பட்டியல் போடுகிறார்கள். எல்லாவற்றையும் சரிசெய்தால் தளம் வங்கிப் படிவம் மாதிரி ஆகிவிடுமே? தனியாக ஓர் எளிய பதிப்பு வைத்துவிடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தனிப் பதிப்பு வேண்டாம். கொஞ்ச நாளில் அதைப் புதுப்பிக்க மறந்துவிடுவீர்கள். கான்ட்ராஸ்டில் விவாதிக்க ஒன்றுமில்லை: பின்னணியோடு ஒப்பிட்டால் சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1. அதற்குள் நிறங்கள் கொட்டிக் கிடக்கின்றன. அனிமேஷனை வைத்துக்கொள்ளுங்கள், அசைவைக் குறைக்கும்படி தன் கருவியில் சொல்லிவைத்தவருக்கு மட்டும் நிறுத்திவிடுங்கள். 2013இல் ஐபோனுக்கு வந்த ஐஓஎஸ் 7இன் ஜூம் அசைவுகளால் பலருக்குத் தலைசுற்றி, அப்புறம் ஆப்பிளே இறங்கிவந்தது.

நீங்கள் போகிற போக்கில் சொன்ன 'கீபோர்டு'தான் என்னைப் பிடித்துக்கொண்டது. சில வருடங்களுக்கு முன் மணிக்கட்டு வீங்கி, மவுஸைத் தொட முடியாமல் இருந்தேன். புத்தக அட்டை ஒன்றுக்காக ஓர் ஏஜென்சியின் தளத்துக்குப் போனேன். டேப் விசையை அழுத்த அழுத்த உள்ளே ஏதோ நகர்கிறது. எங்கே நிற்கிறேன் என்றுதான் தெரியவில்லை. குத்துமதிப்பாக என்டர் தட்டினால் வேண்டாத வீடியோ ஓடுகிறது. தொடர்புப் படிவத்தைக் கண்ணால் பார்க்கிறேன், போய்ச்சேர முடியவில்லை. வேலையை வேறொருவருக்குக் கொடுத்தேன். அந்த ஏஜென்சிக்கு இது தெரியவே தெரியாது.

இத்தனைக்கும், எங்கே நிற்கிறோம் என்று காட்டும் கோட்டை பிரவுசரே வரைந்து தருகிறது. அசிங்கமாக இருக்கிறதென்று டிசைனர்தான் 'அவுட்லைன் நன்' என்று ஒரே வரியில் அழிக்கிறார். சரி, அசிங்கம்தான். அதை அழகாக்கத்தானே ஐயா உங்களுக்குச் சம்பளம்? பொத்தான் மேல் மவுஸ் வந்தால் நிறம் எப்படி மாற வேண்டும், அம்பு எந்தப் பக்கம் நகர வேண்டும் என்று மணிக்கணக்கில் பேசுகிறீர்கள். டேப் வந்து நின்றால் என்ன ஆகும் என்று யாராவது ஒரு கோடாவது வரைந்து பார்த்தீர்களா? அந்தக் கோடு கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது இணையதளங்களை எல்லோரும் பயன்படுத்தும்படி செய்வதற்கான வழிகாட்டியான, 2008இல் வந்த டபிள்யூசிஏஜி 2.0இலேயே இருக்கிறது. எப்படி இருக்க வேண்டும் என்பதை அது உங்கள் ரசனைக்கே விட்டிருந்தது. மவுஸால் சொடுக்கும்போதும் கோடு வந்து தொலைக்கிறதே என்ற சாக்கும் இனி செல்லாது. தளத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸில் 'ஃபோகஸ் விசிபிள்' வந்துவிட்டது. கீபோர்டில் வருபவருக்கு மட்டும் பொத்தானில் கோட்டைக் காட்டலாம். படைப்புச் சுதந்திரம் பறிபோகிறதென்று கவலைப்படுகிறவர், யாரும் தொடாமல் கிடக்கும் இந்த இடத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பதுதான் என் கோபம்.

திட்டிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். உறுத்தாவிட்டால் நீங்கள் எனக்கு எழுதியிருக்கவே மாட்டீர்கள். எம்.டி.யிடம் வாதாட வேண்டாம். அவருடைய மவுஸை வாங்கி வைத்துக்கொண்டு, உங்கள் தளத்தின் தொடர்புப் படிவத்தை அவரையே நிரப்பி அனுப்பச் சொல்லுங்கள்.