வாசகர் கேள்வி – பதில்: ஓண ஆட்டமும் கையை விடாத ஃபோனும்

கேள்வி: மகள் எல்.பி. (தொடக்கப்) பள்ளியில் மூன்றாம் வகுப்பு, தமிழ் மீடியம். ஓணப் பரீட்சை முடிந்ததும் நடக்கும் கொண்டாட்டத்துக்காக டீச்சர் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பாட்டு லிங்க் அனுப்புகிறார். 'ஆடிப் பழகணும்' என்று ஃபோனை வாங்குகிறவள் ஒரு மணி நேரம் ஆனாலும் தருவதில்லை. பிடுங்கினால் ஒரே அழுகை. ஆட்டத்திலிருந்தே பெயரை எடுத்துவிடலாமா?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை (பாலக்காடு, கேரளம்)

பதில்: ஆட்டம் இருக்கட்டும், லிங்க்தான் வேண்டாம். நான்கு நிமிடப் பாட்டை ஐந்து தடவை ஆடினாலும் இருபது நிமிடம்தான். மிச்ச நேரத்தைத் தின்பது, பாட்டு முடிந்ததும் யூடியூப் தானாக ஓட்டுகிற அடுத்த வீடியோவும் ஷார்ட்ஸும். டீச்சரிடம் வீடியோவாகவே அனுப்பச் சொல்லுங்கள். அதை கேலரியில் சேமித்து, மொபைல் டேட்டா, வைஃபை இரண்டையும் அணைத்த பிறகு ஓடவிடுங்கள்.

அடுத்து, வேறு ஆப்புக்குத் தாவாமல் பூட்டுவது. ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் பாதுகாப்புப் பகுதியில் 'ஆப் பின்னிங்' அல்லது 'ஸ்கிரீன் பின்னிங்' இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி பெயரும் இடமும் சற்று மாறும். அதை ஆன் செய்யும்போது, வெளியே வர பின் நம்பர் கேட்கும் துணைத் தேர்வையும் சேர்த்து ஆன் செய்யுங்கள். பலர் விடுவது இதைத்தான். விட்டால் பிள்ளை இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்தி வெளியே வந்துவிடும். பிறகு கேலரியைத் திறந்து, சமீபத்திய ஆப் வரிசையில் அதன் ஐகானைத் தொட்டு, வரும் பட்டியலில் 'பின்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஐஃபோனில் இதே வேலைக்கு, அக்சஸிபிலிட்டி பகுதியில் 'கைடட் ஆக்சஸ்'. ஃபோனைத் திறக்கும் பின் நம்பரோ பேட்டர்னோ மகளுக்கு ஏற்கெனவே தெரியும் என்றால் முதலில் அதை மாற்றுங்கள்.

ஃபோன் அவள் கையில் இருக்கவே கூடாது. ஆறடி தள்ளி மேசைமேல் சுவரில் சாய்த்து வையுங்கள். ஆடுகிறவளுக்குக் கை காலியாக இருக்க வேண்டும். ஸ்டெப் பிடிபட்ட பிறகு ஃபோனைக் கவிழ்த்துவிட்டுப் பாட்டை மட்டும் போடுங்கள். மேடையில் திரை இருக்காது, பாட்டு வரியைக் கேட்டுத்தான் அடுத்த அசைவு நினைவுக்கு வர வேண்டும். இந்தப் பழக்கம் இல்லாத பிள்ளைகள்தான் நடுவில் நின்று பக்கத்துப் பிள்ளையைப் பார்க்கிறார்கள்.

டீச்சர்களுக்கும் ஒரு சொல்: கேமராவைப் பார்த்து நின்று ஆடிப் பதிவு செய்தால், சில பிள்ளைகள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் எதிர்க்கையைத் தூக்கிப் பழகுவார்கள், சிலர் யோசித்து அதே கையைத் தூக்குவார்கள். ஒத்திகையில் கைகள் முட்டிக்கொள்ளும். முதுகைக் காட்டி ஆடிப் பதிவு செய்தால் இந்தக் குழப்பம் வராது. செல்ஃபி கேமரா வேண்டாம். சில ஃபோன்கள் படத்தை இடவலம் மாற்றிச் சேமிக்கும்.

அழுகைக்கு வருவோம். ஃபோனைத் திரும்ப வாங்கும் நேரத்தைக் கடிகாரத்தில் வைக்காதீர்கள், பாட்டின் முடிவில் வையுங்கள். 'இன்னும் ரெண்டு தடவை, அப்புறம் அம்மாகிட்ட' என்று முன்கூட்டியே சொல்லி, அந்தக் கடைசித் தடவை முடிந்ததும் வாங்குங்கள். பாட்டுக்கு முடிவு உண்டு, ஷார்ட்ஸுக்குக் கிடையாது. பாதியில் பறிபோகும்போதுதான் பிள்ளை அதிகம் உடைகிறது. அழுதாலும் திருப்பித் தராதீர்கள். ஒருமுறை தந்துவிட்டால் அழுதால் கிடைக்கும் என்று அவள் கற்றுக்கொள்வாள். இதே விதியை வீட்டில் எல்லோரும் காக்க வேண்டும். இந்தியக் குழந்தை மருத்துவ அகாடமியின் 2021 வழிகாட்டுதல் 5 முதல் 10 வயது வரை நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாகத் திரை பார்க்கச் சொல்கிறது. டிவியையும் சேர்த்தே கணக்கிடுங்கள்.

கேள்வி: கொண்டாட்ட நாளில் பெற்றோர் ஃபோனோடு மேடை முன்னால் குவிந்துவிடுகிறார்கள். பின்னால் இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரிவதில்லை. அன்று மாலையே எல்லாப் பிள்ளைகளின் படமும் ஸ்டேட்டஸில். பள்ளி என்ன செய்யலாம்?
– வகுப்பாசிரியை, வேலந்தாவளம்

பதில்: 'ஃபோன் எடுக்காதீர்கள்' என்று மைக்கில் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். 'நாங்கள் எடுத்துத் தருகிறோம்' என்றால் கேட்பார்கள். பி.டி.ஏ. (பெற்றோர்–ஆசிரியர் சங்க) கூட்டத்தில் இரண்டு பேரைப் பதிவுக்கு நியமியுங்கள்: ஒருவர் நடுவில் ஸ்டாண்டோடு, ஒருவர் ஓரத்தில். ஃபோன் படுக்கைவசம். முழு எச்.டி.யில் நிமிடத்துக்கு 100 எம்.பி. தாண்டக்கூடும், முந்தின நாளே ஃபோனைக் காலி செய்து வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு வகுப்பும் ஆடி முடித்ததும் அந்த வகுப்புப் பெற்றோர் மட்டும் முன்னால் வந்து படமெடுக்க ஒரு நிமிடம் கொடுங்கள். அத்தப்பூக்களத்துக்கும் இதே ஏற்பாடு நல்லது. கூட்டம் சுற்றி நெருக்கினால் பிள்ளைகள் காலையிலிருந்து உட்கார்ந்து போட்ட பூ மிதிபடும்.

அழைப்பிதழோடு ஒரு சீட்டு அனுப்புங்கள், தமிழிலும் மலையாளத்திலும். இரண்டே கட்டங்கள்: 'என் பிள்ளையைப் படம் எடுக்கலாம்', 'வகுப்புக் குழுவில் பகிரலாம்'. இரண்டாவதற்குச் சம்மதிக்காத பிள்ளையை ஆட்டத்திலிருந்து விலக்கக் கூடாது. வரிசையின் ஓரத்தில் நிறுத்தினால் அந்தப் பக்கப் பதிவைத் தவிர்க்கலாம். 18 வயதுக்குட்பட்டோரின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும் என்பது 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் இருக்கிறது.

ஸ்டேட்டஸ் விஷயத்தைச் சீட்டிலேயே தெளிவாக எழுதுங்கள்: உங்கள் பிள்ளை மட்டும் உள்ள படம் உங்கள் விருப்பம், அடுத்தவர் பிள்ளை இருந்தால் வேண்டாம். பொள்ளாச்சி உறவுக்காரர் குழு வரை அரை மணியில் போகும் படத்தைத் திரும்ப அழைக்க வழியில்லை. பெயர், வகுப்பு, பள்ளி பேட்ஜ் மூன்றும் ஒரே படத்தில் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வீட்டில் ஒரே ஃபோன்தான், என்னுடையது. ஓண விடுமுறை முழுக்கப் பேரன் அதில்தான் இருப்பான். பிள்ளைகளின் ஃபோனைப் பெற்றோர் கட்டுப்படுத்தும் கூகுள் ஆப்பான ஃபேமிலி லிங்க் போடச் சொல்கிறார்கள். உதவுமா?
– ஒரு தாத்தா, மீனாட்சிபுரம்

பதில்: உங்கள் ஃபோனில் உங்கள் கணக்கையே அவன் பயன்படுத்தும்போது ஃபேமிலி லிங்கால் பலனில்லை, ஐயா. அது பிள்ளைக்கென்று தனிக் கணக்கு உள்ள ஃபோனுக்கானது. உங்களுக்கு, பிள்ளைகளுக்கென்றே உள்ள யூடியூப் கிட்ஸ் ஆப் போதும். அதில் தேடலை அணைத்து, 'நீங்கள் அனுமதித்தவை மட்டும்' முறையைத் தேர்ந்தெடுத்து, டைமரை 30 நிமிடம் வையுங்கள். பெற்றோருக்கான பூட்டு முதலில் ஒரு பெருக்கல் கணக்கைத்தான் கேட்கும். வாய்ப்பாடு தெரிந்த பேரன் நொடியில் திறந்துவிடுவான், அதனால் சொந்தமாக நான்கு இலக்க எண் வைத்துக்கொள்ளுங்கள். கூடவே, சாதாரண யூடியூப் ஆப்பை செட்டிங்ஸில் முடக்கிவிடுங்கள். அது திறந்திருந்தால் மேலே சொன்னதெல்லாம் வீண்.