தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பறவை பார்க்க எப்படிப்பட்ட கையேடு வாங்கலாம்?

கடையிலேயே சின்னான்கள் (புல்புல் பறவைகள்) உள்ள பக்கத்தைத் திறந்து பாருங்கள். மேலகிரி மலைத்தொடரின் பாறைச் சரிவில் மஞ்சள்தொண்டைச் சின்னானும், புதர்க்காட்டில் வெண்புருவச் சின்னானும் உண்டு. இரண்டுக்கும் வாலடி மஞ்சள்தான். தொண்டையையும் புருவத்தையும் பார்த்தால்தான் பிரித்தறிய முடியும். அந்த வேறுபாட்டைப் படத்திலேயே சுட்டி, விவரத்தையும் பரவல் வரைபடத்தையும் எதிர்ப்பக்கத்திலேயே தரும் நூல்தான் களத்தில் கைகொடுக்கும். படம் ஓரிடம், விவரம் 200 பக்கம் தள்ளி என்றால் புரட்டுவதற்குள் பறவை போய்விடும்.

ஒளிப்படத்தைவிட ஓவியம் மேல். வெயிலும் நிழலும் ஒளிப்படத்தில் நிறத்தை மாற்றிக் காட்டும். கிருஷ்ணகிரி அணைக்குக் குளிர்காலத்தில் வாலாட்டிக் குருவிகள் வரும். அப்போது அவற்றின் தோற்றம் வேறாக இருக்கும். அதனால் இனப்பெருக்கக் காலத் தோற்றத்தை மட்டும் வரைந்த நூல் வேண்டவே வேண்டாம். அறிவியல் பெயர் கட்டாயம் இருக்கட்டும். தமிழ்ப் பெயர் நூலுக்கு நூல் மாறும்.