நக்ஸோஸ் கடற்கரைக்குக் குழந்தைகளோடு: கேள்வி பதில்

கிரீஸின் சைக்லாடிஸ் தீவுகளில் பெரியது நக்ஸோஸ். குடும்பமாகப் போகிறவர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அக்கா, பையனுக்கு மூணு வயசு, பொண்ணுக்கு ஒன்பது. சாண்டோரினியா, நக்ஸோஸா?

கடலில் விளையாடத்தான் போகிறீர்கள் என்றால் நக்ஸோஸ், யோசிக்கவே வேண்டாம். சாண்டோரினி எரிமலைத் தீவு. அங்கே பெரும்பாலும் கறுப்பு மணலும் கூழாங்கல்லும்தான்; மதிய வெயிலில் குழந்தை கால் வைக்க முடியாது.

நக்ஸோஸில் உங்கள் பையனுக்கு ஆயியோஸ் யொர்யோஸ் கடற்கரை. ஹோரா என்ற துறைமுக ஊரை ஒட்டியே இருக்கிறது. வெகுதூரம் உள்ளே நடந்தாலும் பெரியவர்களுக்கு இடுப்பளவுத் தண்ணீர்தான். ஐஸ்கிரீம், மருந்துக்கடை, கழிப்பறை எல்லாம் நடக்கிற தூரம். சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு அழகைவிட அதுதான் முக்கியம்.

பெண்ணுக்கு நீச்சல் தெரிந்தால் ஒருநாள் பஸ் ஏறி ஆயியோஸ் புரோகோபியோஸ் போய் வாருங்கள், ஐந்தாறு கிலோமீட்டர்தான். மணல் சற்றுப் பருமனாக இருப்பதால் உடம்பில் அப்பிக்கொள்ளாது, தண்ணீரும் கலங்காமல் கண்ணாடி மாதிரி இருக்கும். ஆனால் கரையிலிருந்து சீக்கிரமே ஆழம் வந்துவிடும். மூணு வயசுக்காரனை அங்கே கைப்பிடியிலேயே வைத்திருங்கள்.

மெரினா அலையைப் பார்த்தே பயப்படுகிற ஆள் நான். அங்கே கடல் எப்படி?

நம் வங்கக் கடல்போல் மடேர் மடேர் என்று அடிக்காது. கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கமும் மிகக் குறைவு. பயப்பட வேண்டியது காற்றுக்கு. ஜூலை, ஆகஸ்டில் வடக்கிலிருந்து மெல்தேமி என்ற காற்று வீசும், சில சமயம் நாள்கணக்கில். வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும்போதே வீசுவதால் ஏமாந்துபோவோம். மேற்குக் கரையின் பல இடங்களில் அது கரையிலிருந்து கடலை நோக்கித் தள்ளும். பிள்ளை உட்கார்ந்திருக்கும் காற்றடைத்த மிதவை நாம் எழுந்து ஓடுவதற்குள் ஆழத்துக்குப் போய்விடும். அதனால் தயவுசெய்து காற்று நாளில் மிதவை வேண்டவே வேண்டாம். உடம்போடு கட்டுகிற மிதவைச் சட்டை போடுங்கள், ஒரு பெரியவர் எப்போதும் கையெட்டும் தூரத்தில் நில்லுங்கள். அவசர உதவிக்கு எண் 112.

எந்த மாதம்?

ஜூன் அல்லது செப்டம்பர். கோடை முழுக்கச் சூடேறியிருப்பதால் செப்டம்பரில் கடல் வெதுவெதுப்பாக இருக்கும். பள்ளி விடுமுறை என்று மே மாதம் போனால் வெயில் இருக்கும், தண்ணீர் சில்லென்று இருக்கும். பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் உதடு நடுங்க வெளியே வந்துவிடுவார்கள்.

குடைக்கும் சாய்வு நாற்காலிக்கும் காசு கட்டித்தான் ஆகணுமா?

இல்லை. கிரேக்கச் சட்டப்படி கடற்கரை எல்லோருக்கும் பொது. துண்டை விரித்து எங்கே இடமோ அங்கே உட்காரலாம். ஆனால் மதிய வெயில் கொடுமையானது. குழந்தை இருந்தால் ஒரு குடை வாடகைக்கு எடுப்பதை வீண் செலவு என்று சொல்ல மாட்டேன்.

நாங்க சுத்த சைவம். பட்டினி கிடக்கணுமா?

நக்ஸோஸிலா? அந்தத் தீவு உருளைக்கிழங்குக்கே பேர்போனது. பிள்ளைகளுக்குத் தட்டு நிறைய வறுவல் கிடைக்கும். மீன் பொரித்த எண்ணெயா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஃபாவா கேளுங்கள்: மஞ்சள் பருப்பை மசித்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றி, பச்சை வெங்காயம் தூவித் தருவார்கள். நம் பருப்பு மசியல் சாப்பிடுகிற பிள்ளை அதையும் சாப்பிடும். கெமிஸ்தா என்பது அரிசி அடைத்த தக்காளி, குடைமிளகாய். சிலர் கொத்துக்கறியும் சேர்ப்பார்கள், விசாரித்து வாங்குங்கள். கிராவியேரா என்ற உள்ளூர்ப் பாலாடைக்கட்டி அருமை, ஆனால் அதைச் செய்யும்போது ரென்னெட் (பாலை உறையவைக்கக் கன்றுக்குட்டி போன்ற விலங்கின் வயிற்றிலிருந்து எடுப்பது) சேர்வதுண்டு. சுத்த சைவர்கள் தவிர்ப்பது நல்லது.

அம்மாவுக்கு 68 வயசு. சுடிதாரோட கடல்ல நிக்கலாமா? யாராவது ஏதாவது சொல்வாங்களா?

யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அந்த ஊர்ப் பாட்டிமார்களே தொப்பி போட்டுக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் நின்று மணிக்கணக்கில் பேசுவார்கள், அம்மாவும் போய் நிற்கட்டும். பருத்தித் துணி நனைந்தால் கனக்கும். சீக்கிரம் காய்கிற முழுக்கைச் சட்டையும் லெக்கிங்ஸும் வசதி. பிளாக்கா கடற்கரையின் தென்கோடியில் உடையில்லாமல் குளிப்பவர்கள் உண்டு. அம்மா சங்கடப்படுவார் என்றால் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

ஏதென்ஸிலிருந்து எப்படிப் போறது? திரும்பும் நாளே இந்தியா விமானம் பிடிக்கலாமா?

ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்திலிருந்து பெரிய கப்பலில் ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல். வேகப் படகு சீக்கிரம் போகும், ஆனால் காற்று நாளில் குலுக்கல் அதிகம். வாந்தி வருகிற பிள்ளை என்றால் பெரிய கப்பலே நல்லது.

அதே நாள் விமானம் மட்டும் வேண்டாம். காற்று பலமானால் கப்பல் புறப்படவே அனுமதிக்க மாட்டார்கள். முந்தின நாளே தீவிலிருந்து கிளம்பி ஏதென்ஸில் ஓர் இரவு தங்குங்கள்.