குறைந்த செலவில் பவளத் தொட்டிக்கு என்ன விளக்கு வாங்கலாம்?

இரண்டடித் தொட்டியில் பவளம் வளர்க்க மலிவான எல்இடி போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எந்தப் பவளம் என்பதைப் பொறுத்தது. பவளத் திசுவுக்குள் வாழும் நுண்பாசிகள்தான் ஒளிச்சேர்க்கை செய்து அதற்குப் பெரும்பகுதி உணவைத் தருகின்றன. அவற்றுக்கு முக்கியம் நீல ஒளி. அதனால் வாட் கணக்கை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். நீலத்தையும் வெள்ளையையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்க முடிகிறதா என்று பாருங்கள்.

காளான் பவளம், சோவாந்தஸ் வகைகளுக்கு 50 முதல் 150 பார் வரை போதும் (PAR, ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளியின் அளவு இது). ஆழம் குறைந்த தொட்டியில் சுமாரான எல்இடியே இதைத் தந்துவிடும். அக்ரோபோரா என்ற கல் பவளத்துக்கு 200-க்கு மேல் வேண்டும். அதற்குக் காசு சேர்த்தபின் இறங்குவதே நல்லது.

அப்புறம், முதல் நாளே முழு வெளிச்சம் வைக்காதீர்கள், பவளம் வெளிறிவிடும். பாதிக்கும் குறைவாகத் தொடங்கி, சில வாரங்களில் மெல்லக் கூட்டுங்கள்.