பிளொக்செயின் வோட்டுக்கு ஐசி போட்டோ குடுக்கலாமோ?

புதுக்குடியிருப்பில இருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறா. அவ படிச்ச பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கத்துக்கு இந்தமுறை நிர்வாகத் தெரிவு பிளொக்செயின் அப்பிலயாம், கனடா லண்டனில இருக்கிற ஆக்களும் வோட் போடோணும் எண்டதுக்காக. ஐசி, அதுதான் அடையாள அட்டை, ரெண்டு பக்கமும் போட்டோ, ஒரு செல்பி கேக்கினமாம். நான் ஆருக்குப் போட்டனான் எண்டு தெரியவந்தா ஊரில முகம் குடுக்கேலாதே எண்டு பயப்பிடுறா.

அக்கா, பயம் நியாயம். பிளொக்செயின் எண்டுறது கன பேரிட்ட இருக்கிற ஒரே கணக்குக்கொப்பி மாதிரி, ஆரும் தனிய ஒரு வரியை அழிச்சு எழுதேலாது, அதுதான் அதின்ர வேலை. நீங்கள் ஆர் எண்டும் அதுக்குத் தெரியாது, உங்களை மறைக்கவும் தெரியாது. வோட்டை ரகசியமாப் பூட்டுறது வேற வேலை. 2019இல மொஸ்கோ நகரசபைத் தேர்தலுக்கு பிளொக்செயின் கொண்டுவந்தவை, பூட்டு பலமில்லை எண்டு பியரிக் கோட்ரி எண்ட பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் தேர்தலுக்கு முதலே சாதாரண கம்ப்யூட்டரில 20 நிமிசமளவில உடைச்சுக் காட்டினார்.

'ஐசி நம்பரை ஹாஷ் பண்ணித்தான் போடுறம்' எண்டு சொல்லுவினம். ஹாஷ் எண்டா நம்பரை ஒரு கணக்கால வேற எழுத்துக் கோர்வையா மாத்துறது, அரைச்ச மா மாதிரி, திரும்ப அரிசியாக்கேலாது. சரி. ஆனா பழைய ஐசியில முதல் 2 இலக்கம் பிறந்த வருசம், அடுத்த 3 அந்த வருசத்தில எத்தினையாவது நாள், பொம்பிளையளுக்கு 500 கூட்டி. உங்கட பிறந்தநாள் தெரிஞ்ச ஆளுக்கு மிச்சம் 4 இலக்கம், 10,000 நம்பரையும் அரைச்சுப் பாத்தா எது உங்கட மா எண்டு பிடிபட்டிடும், கம்ப்யூட்டருக்கு அது ஒரு செக்கன் வேலை.

இதைவிட எனக்கு வயிறு எரியிறது கொம்யூனிகேஷன் கடையளை நினைச்சுத்தான். 'குடுங்கோ அன்ரி நான் செய்துதாறன்' எண்டு தன்ர போனிலயே அப் போட்டு, ஓடிபி தன்ர நம்பருக்கு எடுத்து, 12 சொல்லு வரும், அதையும் தானே எழுதி வைப்பான். அந்த 12 சொல்லுத்தான் உங்கட வோட்டின்ர திறப்பு. எங்கட குடும்பத்திலயே ஒராளுக்கு வேற ஒரு அப்பில இப்பிடி நடந்தது, கடைசிவரை திறப்பு கைக்கு வரேல்லை. 2009இல எல்லாத்தையும் துலைச்சிட்டு கிராம சேவகரிட்டயும் பிரதேச செயலகத்துக்கும் நடந்து நடந்து எடுத்த ஐசியை கண்டவன்ர வட்ஸ்அப்பில விடாதேங்கோ. தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இலயே பாராளுமன்றத்தில நிறைவேறினது, அமுலாக்கிறதைத் தள்ளித் தள்ளிப் போட்டா சனம் ஆரிட்டப் போய் முறையிடுறது?

ஒரு விதமா இருந்தா மட்டும் குடுக்கலாம். காபன் வச்ச என்வலப்புக்குள்ள உங்கட துண்டை வச்சு ஒட்டிக் குடுக்கிறியள் எண்டு வையுங்கோ. ஐசி பாக்கிறவர் உங்களைச் சரிபாத்து என்வலப்புக்கு மேல சீல் குத்துறார், திறக்கேல்லை, ஆனா காபனால சீல் உள்துண்டில பதியும். நீங்கள் வீட்ட வந்து என்வலப்பைக் கிழிச்செறிஞ்சிட்டு துண்டை மட்டும் பேரில்லாமல் பெட்டியில போடுறியள். எண்ணுறவருக்கு சீல் தெரியும், அதால இது உண்மையான உறுப்பினர்ர வோட் எண்டு விளங்கும், ஆனா எந்த உறுப்பினர் எண்டு தெரியாது, சீல் குத்தினவருக்கும் தெரியாது. இதைக் கணக்கால செய்யிறதைக் குருட்டுக் கையெழுத்து எண்டுவினம், டேவிட் சோம் 1980களிலயே சொன்ன முறை.

சங்கத்திட்ட எழுத்தில கேளுங்கோ, ஐசி பாக்கிறவையும் வோட் எண்ணுறவையும் ஒரே ஆக்களோ, குருட்டுக் கையெழுத்து இருக்கோ எண்டு. 'எல்லாம் பிளொக்செயின் பாத்துக்கொள்ளும்' எண்டு மறுமொழி வந்தா போட்டோ அனுப்பாதேங்கோ. ஏற்கனவே கடையில செய்திட்டியள் எண்டா, அந்தத் திறப்பை ரத்துப்பண்ணி உங்கட போனுக்குப் புதுசு தரச்சொல்லுங்கோ, கடைக்காரன்ர போனில இருக்கிற ஐசி போட்டோவை உங்கட கண்ணுக்கு முன்னால அழிப்பியுங்கோ.