எடையில் ஒளிந்திருந்த ஈரம்: இளம் பாலிமர் வேதியியலாளரிடம் சில கேள்விகள்

முனைவர் பட்டம் முடித்து நான்கு வருடம் ஆகிறது. இப்போது ஒட்டுப்பசைகளை உருவாக்கும் ஓர் ஆய்வகத்தில் வேலை. இந்தத் துறைக்கு வர நினைப்பவர்களும் ஏற்கெனவே வந்துவிட்டவர்களும் கேட்டவற்றுக்கு, தெரிந்த வரையில் பதில் சொல்கிறேன்.

கேள்வி (இளங்கலை மாணவி): மருந்து வேதியியலுக்குப் போனால்தான் மதிப்பு என்கிறார்கள். நீங்கள் ஏன் பாலிமர் பக்கம் போனீர்கள்?

பாலிமர் என்பது சிறு மூலக்கூறுகளை வரிசையாகக் கோத்த நீண்ட சங்கிலி. எனக்கு எத்திலீன்தான் காரணம். இரண்டு கார்பன், நான்கு ஹைட்ரஜன், அவ்வளவே. அதிக அழுத்தத்தில் கோத்தால் கிளை கிளையாக வளர்ந்து, கசங்கும் மெல்லிய பையாகிறது. 1953-ல் கார்ல் சீக்லர் கண்டறிந்த வகை வினையூக்கியால் கோத்தால் கிளைகள் குறைந்த நேர்ச் சங்கிலியாகி, விறைப்பான ட்ரம்மாகிறது. பொருள் அதேதான், கோத்த விதம்தான் வேறு. இதை முதன்முதலில் படித்த அன்றே மனம் இங்கே நின்றுவிட்டது.

இன்னொன்றும் உண்டு. ரப்பர் போன்றவை நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் என்று 1920-ல் ஹெர்மன் ஸ்டவுடிங்கர் சொன்னபோது, இல்லை, அவை சிறு மூலக்கூறுகளின் திரள்தான் என்று பெரிய வேதியியலாளர்கள் பலர் மறுத்தார்கள். அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1953-ல். இவ்வளவு இளமையான துறையில் புதியவர்களுக்கும் இடம் இருக்கிறது என்று நம்புகிறேன்.

கேள்வி (முதலாண்டு ஆய்வு மாணவர்): மூன்று மாதமாக என் பாலிமர் நீளவே மாட்டேன் என்கிறது. துறையை மாற்றலாமா என்றுகூடத் தோன்றுகிறது. உங்களுக்கு இப்படி நடந்ததுண்டா?

நடந்திருக்கிறது, ஏறத்தாழ அதே மூன்று மாதம். இரண்டு மோனோமர்களை, அதாவது சங்கிலியில் கோக்கும் சிறு மூலக்கூறுகளை, சம அளவில் எடுத்து இணைக்கும் வினை. குடுவையில் இருந்தது தேன் மாதிரி கெட்டிப்பட வேண்டும். எனக்கு எண்ணெய் மாதிரியே இருந்தது. வெப்பத்தைக் கூட்டினேன், நேரத்தைக் கூட்டினேன், வினையூக்கியை மாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை.

கடைசியில் மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆர் கருவியில் சங்கிலி முனைகளை எண்ணிப் பார்த்தேன். எல்லா முனையிலும் ஒரே மோனோமர். அதாவது மற்றது போதவில்லை. அந்த இன்னொன்று காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் பொருள். நான் நிறுத்த எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு தண்ணீர். சங்கிலி எவ்வளவு நீளும் என்று சொல்லும் கரோதர்ஸ் சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள்: இரண்டுக்கும் இடையே 5 சதவீத ஏற்றத்தாழ்வு இருந்தால், வினை முழுமையாக முடிந்தாலும் சராசரி நீளம் 39 அலகைத் தாண்டாது. 1 சதவீதம் என்றால் 199 வரை போகலாம். நான் எத்தனை மாதம் சூடாக்கியிருந்தாலும் பலன் இருந்திருக்காது.

ஆகவே துறையை மாற்றும் முன் மோனோமரை உலர்த்துங்கள். அதன் பிறகு முனைகளை எண்ணுங்கள். எண்ணிய பிறகும் பிடிபடவில்லை என்றால் வழிகாட்டியிடம் அந்தத் தரவோடு போங்கள். "வரவில்லை" என்று மட்டும் சொல்லிக்கொண்டு போகாதீர்கள். அந்த மூன்று மாதத்தில் நான் செய்த பெரிய தவறு, வெட்கப்பட்டு யாரிடமும் காட்டாமல் இருந்தது.

கேள்வி (முதுகலை மாணவர்): எந்தக் கருவியை முதலில் கற்றுக்கொள்ள வேண்டும்?

ஜிபிசி, அதாவது சங்கிலிகளை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் கருவி. ஆனால் அது தரும் மூலக்கூறு எடையை அப்படியே நம்பாதீர்கள். பெரும்பாலும் பாலிஸ்டைரீன் மாதிரிகளோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண் அது. உங்கள் சங்கிலி கரைசலில் வேறு அளவுக்கு விரிந்திருந்தால் எண்ணும் விலகும்.

கேள்வி (ஓர் ஆய்வு மாணவரின் தாய்): இந்த வேலை ஆபத்தானதா? மகள் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

அம்மா, ஒழுங்காகச் செய்தால் பயப்பட வேண்டியதில்லை. கவனம் மட்டும் விலகக் கூடாது. அக்ரிலிக் மோனோமர்கள் தானாக இணைந்துவிடாமல் இருக்க ஒரு தடுப்பான் கலந்திருப்பார்கள். வழக்கமாகச் சேர்க்கும் தடுப்பான் வேலை செய்ய ஆக்சிஜன் வேண்டும். பாதுகாப்பு என்று நினைத்து நைட்ரஜனுக்கு அடியில் சேமித்தால் அதுவே விபரீதம். அதோடு, வினை நடக்க நடக்கக் கலவை கெட்டியாகி, வளரும் சங்கிலிகள் ஒன்றையொன்று சந்தித்து முடிய இயலாமல் போகும். அப்போது வேகமும் சூடும் திடீரென்று ஏறும். மகளிடம் "புது வினையை முதலில் சின்ன அளவில்தானே செய்கிறாய்?" என்று மட்டும் கேளுங்கள். அவளுக்குப் புரியும்.

கேள்வி (பள்ளி ஆசிரியை): பிளாஸ்டிக் உலகத்தை மூடுகிறது. இந்த வேலை செய்ய மனசாட்சி உறுத்தவில்லையா?

உறுத்துகிறது. 2017-ல் வெளியான ஒரு கணக்கீட்டின்படி, 2015 வரை உலகம் செய்த பிளாஸ்டிக் சுமார் 830 கோடி டன். கழிவானதில் மறுசுழற்சிக்குப் போனது ஏறத்தாழ 9 சதவீதம். இதை அறிந்துகொண்டு "நான் ஆராய்ச்சிதான் செய்கிறேன்" என்று ஒதுங்க என்னால் முடியாது.

ஆனால் குற்றவுணர்வு மட்டும் ஒன்றையும் மாற்றாது. பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் இரண்டுமே வெறும் கார்பனும் ஹைட்ரஜனும்தான். இருந்தும் உருக்கிக் கலந்தால் ஒட்டாமல் பிரிந்து நின்று, பொருள் எளிதில் உடைகிறது. மக்கும் என்று விற்கும் பாலிலாக்டிக் அமிலம் 60 டிகிரியை ஒட்டிய சூடான உரக்கிடங்கில்தான் நன்றாக மக்கும். கடலில் வெகுகாலம் கிடக்கும். "மக்கும்" என்ற சொல்லை எங்கே, எத்தனை நாளில் என்று சொல்லாமல் அச்சடிப்பது எனக்குக் கோபத்தையே தருகிறது. அதே குடும்பத்துப் பாலிமர்தான் உடலுக்குள் தானே கரையும் தையல் நூலாகவும் ஆகிறது. ஆகவே ஒரு பொருளைத் தொடங்கும்போதே அதன் முடிவு எங்கே என்று கேட்கிறேன். பதில் இல்லாத இரண்டு திட்டங்களை வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர்): பல்கலைக்கழகமா, நிறுவனமா?

கேள்வியை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் பல்கலைக்கழகம். செய்தது பயன்படுவதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் நிறுவனம். நான் இரண்டாவதை எடுத்தேன். கட்டுரைகள் குறைந்தன, அது இன்னும் கொஞ்சம் வலிக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகள் திரும்பக் கிடைத்தன.

கேள்வி (அதே ஆய்வாளர்): இப்போது எதைத் துரத்துகிறீர்கள்?

வேண்டும்போது கழற்றக்கூடிய ஒட்டுப்பசை. ஒட்டிய பொருட்களைப் பிரிக்க முடியாததால்தான் பல கருவிகள் முழுசாகக் குப்பைக்குப் போகின்றன. ஃபியூரான், மாலிமைடு என்ற இரண்டு வேதித் தொகுதிகள் இணையும் பிணைப்பு 110, 120 டிகிரியில் அவிழும், ஆறினால் மறுபடி சேரும். சிக்கல் என்னவென்றால், திரும்பத் திரும்பச் சூடாக்கும்போது மாலிமைடு தனக்குள்ளேயே கோத்துக்கொள்கிறது, பிறகு அவிழாது. அதைத் தடுக்கும் ஒரு யோசனையோடு நாளைக் காலை புது மாதிரி தொடங்குகிறேன். மோனோமர் இப்போது வெற்றிட அடுப்பில் உலர்ந்துகொண்டிருக்கிறது.